சேசுநாதருக்குக் கொடுத்த எட்டு

என் அம்மா சேசுநாதருக்கு எட்டுக் கொடுத்தவள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள். அதற்குப் பெயர்தான் எட்டு. செத்தவர் அன்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. பெரிய வெள்ளியன்று சிலுவையில் செத்தவருக்கு அடுத்த வெள்ளியன்று, மாதா கோயிலுக்குள்ளேயே இலை போட்டு, அம்மா சோறு படைத்தாள். எங்கள் கோயில் பங்கில் இந்தக் கதையை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு இலைச் சோற்றால் அவள் எதை இழந்தாள் என்று சொல்லப்போனால் சிரிப்பு நின்றுவிடும். கல்யாண வீடுகளில்தான் பெரும்பாலும் இந்தக் கதை கிளம்பும். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் எதற்கு என்று விட்டுவிடுவேன்.

இப்போது எழுதத் தொடங்கிவிட்டேன். இனி விட முடியாது.

நான் படுவான்கரைக்காரி. வாவிக்கு மேற்கே, வயலும் மாடுமாக இருக்கிற பக்கம். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். நான் அதைத் தலைகீழாக்கினேன். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ரீச்சராகி, கிழக்குக் கரையான எழுவான்கரையில் ஒரு கிறிஸ்தவ வேதக்காரத் தச்சரைக் கல்யாணம் முடித்து, ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டு, அவருடைய வீட்டிலேயே குடியிருந்துவிட்டேன். அம்மா வெகுகாலம் என்னோடு பேசவில்லை. எனக்கென்று கட்டிய வீட்டில் தம்பியோடு இருந்துகொண்டு, வாசல் கதவை எப்போதும் அகலத் திறந்து வைத்திருந்தாளாம். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்னை ஏசுவதற்கு அது வசதி.

அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது தம்பி ஒருவன்தான். அவனும் என் கணவரிடம் தச்சு வேலை பழக வந்தான். வந்தவன் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போனான். ஒரு நாள் தானும் வேதத்தில் சேரப்போவதாகச் சொன்னான். யாரும் அவனை இழுக்கவில்லை. அவனுக்கு என் கணவரை அவ்வளவு பிடித்திருந்தது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற அடுத்த வருடம் நடுக்கக் காய்ச்சல் வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். மீசை சரியாக அரும்பியிருக்கவில்லை.

எங்கள் பங்கின் சேமக்காலை வாவிக்கரையில் இருக்கிறது. அங்கேதான் அவனைப் புதைத்தோம். அம்மா தோணியில் வந்து இறங்கியபோது பெட்டி இன்னும் மூடப்படவில்லை. முகத்தைப் பார்த்தாள், அழுதாள். அம்மாவின் ஒப்பாரிக்குப் படுவான்கரையில் பெயர் உண்டு. செத்த வீடுகளுக்கு அவளை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அன்று அவளுக்குப் பாட்டு வரவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது.

பிறகு எட்டுக்கு ஆயத்தம் செய்தாள். தம்பிக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். தேடிப்பிடித்துப் பிஞ்சாக வாங்கிவந்து எங்கள் வீட்டுக் குசினியில் வைத்திருந்தாள். அப்போதுதான் உபதேசியார் வீட்டுக்கு வந்தார். பங்குச் சுவாமியாருக்கு உதவியாக இருந்து வேதம் படிப்பித்தவர் அவர். வேதக்காரருக்கு எட்டுக் கொடுக்கிற வழக்கம் இல்லை, பூசை ஒப்புக்கொடுப்போம், அதுதான் அவனுக்குப் போய்ச் சேரும் என்று தன்மையாகச் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உபதேசியார் சொன்னது எங்கள் வேதத்தின் சட்டம். நானும் அதையே சொன்னேன். கத்தரிக்காய் குசினியிலேயே கிடந்து சுருங்கியது.

அம்மா உபதேசியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவன் இப்போது எங்கே இருக்கிறான்? மோட்சத்தில் என்றார் அவர். தானும் செத்தால் அங்கே போகலாமா என்று கேட்டாள். ஞானஸ்நானம் இல்லாதவர்கள் போக முடியாது என்றார். அந்தக் காலத்தில் அதை யாரும் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொல்வார்கள்.

“அப்ப எனக்கும் அந்தத் தண்ணிய ஊத்துங்க” என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்களோடு எழுவான்கரையில் இருந்துவிட்டாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. என் சமையலைக் குறை சொல்லத் தொடங்கினாள். அதிலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன்.

வேதம் படிக்க அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதால் கேட்டதை மறக்கமாட்டாள். ஒப்பாரிக்காரிக்கு அது தொழில் மாதிரி. உபதேசியார் ஞானோபதேசத்தைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்லிக் கொடுக்க, வீட்டுக்கு வந்து அவற்றை ஒப்பாரி மெட்டில் போட்டுக்கொள்வாள். காலையில் தேங்காய் துருவிக்கொண்டே கடவுள் கொடுத்த பத்துக் கற்பனைகளையும் நெஞ்சு உருகப் பாடுவாள். தெருவில் போகிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று படலையடியில் நின்று விசாரித்திருக்கிறார்கள். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் பட்டறைக்கு ஓடிவிடுவார்.

பங்குச் சுவாமியார் ஒரு வெள்ளைக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். ஒவ்வொரு சொல்லையும் தூசு தட்டி எடுத்து வைப்பது போலப் பேசுவார். மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். எங்களோடு பழஞ்சோறு சாப்பிட்டிருக்கிறார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நன்றாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் தொடங்குவதற்கு முன் அவர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். சேசுநாதர் யார்? மெய்யான சர்வேசுரனும் மெய்யான மனுஷனுமானவர். அம்மா இழுத்துப் பாடினாள். சுவாமியாருக்குச் சந்தோஷம். உயிர்த்த ஞாயிறன்று கோயில் நெருக்கமாக இருக்கும், அதற்கு அடுத்த ஞாயிறு ஆறுதலாக ஞானஸ்நானம் கொடுப்போம் என்றார். அம்மா வீட்டுக்கு வந்து, தம்பியின் பழைய சட்டையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. பிரயாணத்துக்கு ஆயத்தமாகிறவளின் அவசரம் அவளிடம் இருந்தது.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் கோயிலில் சிலுவையில் தொங்கும் சுரூபத்தின் கைகள் தோளில் மடங்கும்படி மூட்டு வைத்துச் செய்யப்பட்டவை. அன்று பிற்பகல் ஆணிகளைக் கழற்றி, உடம்பைத் துணியில் ஏந்தி இறக்கி, ஆசந்தி என்கிற பாடையில் கிடத்தி, ஊரைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். தோள் மூட்டைப் பழுது பார்ப்பதும் உடம்பை இறக்குவதும் என் கணவருடைய பொறுப்பு. ஏணியில் நின்று அவர் வலது கையின் ஆணியைக் கழற்றியபோது கோயில் முழுவதும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் அம்மாவின் குரல் கேட்டது.

“மெல்ல மருமகன். தோள் நோகும்.”

யாரும் சிரிக்கவில்லை. கை மடங்கித் தொங்கியதும் அம்மா எழுந்து ஆசந்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தொடங்கினாள். எங்கள் கோயிலிலும் பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி உண்டு, வருடா வருடம் பாடுவதுதான். அன்று கேட்டது வேறு. உன் தலையை யார் வாரிவிட்டது, தாகம் என்றாயாமே, தாய் பக்கத்தில் நின்றும் ஒரு வாய் தண்ணீர் தரவிடவில்லையாமே என்று கேட்டுக் கேட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் தம்பிக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுக்க அவள் இல்லை. அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் அழுதார்கள். சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படியொரு விசுவாசத்தைத் தன் நாட்டில்கூடக் கண்டதில்லை என்று பிறகு என் கணவரிடம் சொன்னாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரத்தின் நடுவில், மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா சாதாரணமாகக் கேட்டாள், சேசுநாதருக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று. உபதேசியாரிடம் சொல்வதற்குப் படிக்கிறாள் என்று நினைத்தேன். உயிர்த்தபிறகு சீடர்களிடம் வந்து, தான் ஆவியில்லை என்று காட்டுவதற்காகச் சுட்ட மீன் சாப்பிட்டார் என்று சொன்னேன். அம்மாவின் முகம் தெளிந்தது. செத்தவர்கள் வந்து சாப்பிடுவது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. தனக்குத் தெரிந்ததை வேதமும் சொல்கிறது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கோயில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம் வந்து, ஓடி வாருங்கள் ரீச்சர் என்றார். போய்ப் பார்த்தேன். உயிர்த்த ஞாயிற்றுக்குக் கட்டிய பூச்சரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பீடத்தில் வெள்ளை விரிப்பு. ஆசந்தி இருந்த இடத்தில் தலைவாழையிலை விரித்து, சோறும், சுட்ட வாவி மீனும், ஒரு பக்கத்தில் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, அம்மா அழுதுகொண்டிருந்தாள். கத்தரிக்காய் யாருக்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சங்கிலித்தாம் இலையை எடுக்கக் குனிந்தார். உள்ளே வந்த சுவாமியார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அங்கியை ஒதுக்கிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். யாருக்காக இது என்று கேட்டார். இவருக்குத்தான், இன்றைக்கு எட்டல்லவா என்றாள் அம்மா. அவர் உயிர்த்துவிட்டாரே என்றார் அவர். அதனால்தான் வருவார் என்றாள் அம்மா. சுவாமியார் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“அவர் யார், அம்மா?”

அம்மா பாடத் தொடங்கினாள். மெய்யான சர்வேசுரனும் என்பதற்குள் அவர் நிறுத்தினார். பாட்டு வேண்டாம், உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்.

அம்மா யோசித்தாள். “ஒரு தாய் பெத்த நல்ல புள்ள, சாமி. ஒரு குத்தமும் செய்யாதவர அநியாயமாக் கொன்றுபோட்டானுகள். அந்த அநியாயத்தால தெய்வமாயிட்டாரு.”

அவள் குறைத்துச் சொல்லவில்லை. படுவான்கரையில் தெய்வங்கள் அப்படித்தான் வரும். புருஷனை அநியாயமாகப் பறிகொடுத்து, ஊரை எரித்து, பிறகு அம்மனாகிக் குளிர்ந்தவளுக்குத்தான் வைகாசியில் நாங்கள் கதவு திறந்து சடங்கு செய்வோம். மனிதப் பிறவி ஒன்று படக்கூடாததைப் பட்டால் தெய்வமாகும். அம்மா தனக்குத் தெரிந்த மிக உயரமான இடத்தில்தான் அவரை வைத்திருந்தாள்.

சுவாமியார் கோபிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். அவர் செத்தபிறகு தெய்வமானவர் அல்லர். உலகம் உண்டாகும் முன்பே கடவுளாக இருந்தவர். கடவுளாக இருந்துகொண்டே மனிதனாகப் பிறந்தார். “செத்துத் தெய்வமானவர் என்றால் அவரும் நம்மில் ஒருவரே, அம்மா. அவரால் ஒருவரையும் சாவிலிருந்து தூக்க முடியாது. கடவுளே இறங்கி வந்து செத்தார் என்றால்தான், உங்கள் மகன் செத்த கட்டிலிலும் அவர் கூட இருந்தார் என்று நான் உங்களுக்குச் சொல்ல முடியும்” என்றார். அது எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, “அப்ப சாகக்குள்ள அவருக்குத் தெரியுமா சாமி, மூணாம் நாள் எழும்புவன் எண்டு?” என்றாள்.

“தெரியும்.”

“என்ட புள்ளைக்குத் தெரியாதே.”

சுவாமியார் மேலும் பேசினார். சாவதற்கு முந்தின இரவு சேசுநாதர் தோட்டத்தில் பயந்ததையும் வியர்த்ததையும் சொன்னார், மனிதனாக அவர் பட்டது எல்லாம் உண்மையான வேதனை என்றார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவளிடமிருந்து ஏதோ போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை முதல் சேசுநாதருடைய தாய்க்குப் பக்கத்தில் தானும் ஒரு தாயாக உட்கார்ந்திருந்தாள். இப்போது அந்த இடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

ஞானஸ்நானம் தள்ளிப்போயிற்று. நம்பாதவருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்தான், உங்களுக்கும் உதவாது, காலம் இருக்கிறது அம்மா, ஜெபம் செய்வோம் என்றார் சுவாமியார். அம்மா இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனாள். தம்பியின் குழியில் வைத்தாள். காகங்கள் உடனே வந்தன. என்னை அறியாமல் எனக்கு ஒரு ஆறுதல் உண்டாயிற்று. அம்மா காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவன் மோட்சத்திலிருந்து சாப்பாட்டுக்கு வரமாட்டானாம், உபதேசியார் சொன்னவர் என்றாள்.

அந்த ஞாயிறு, அவளுக்கென்று குறித்த நாளில், பூசையில் வாசித்த சுவிசேஷம் சந்தேகப்பட்ட சீடனுடையது. எட்டாம் நாளில்தான் அதுவும் நடக்கிறது. அவன் சேசுநாதரின் காயத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கடவுள் என்று ஒப்புக்கொள்கிறான். சுவாமியார் அன்று பிரசங்கத்தைச் சீக்கிரமாக முடித்துவிட்டார். அம்மா கடைசி வரிசையில் புதுச் சேலையில் இருந்தாள். வெள்ளைச் சேலை, ஞானஸ்நானத்துக்காக என் கணவர் எடுத்துக் கொடுத்தது. அதை அவள் வேறு எதற்கும் உடுக்கவில்லை, அன்று மட்டும் உடுத்தினாள்.

பிறகு மாதக்கணக்கில் அவள் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியவில்லை. பிடிவாதக்காரிதான், ஆனால் இதில் அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. மகனிடம் போகவேண்டும், அதற்கு ஒன்றை நம்பவேண்டும், கசாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது போல விழுங்கப் பார்த்தாள். இப்போது நம்புகிறேன் என்று தானே சுவாமியாரைத் தேடிப் போவாள். அவர் கேட்பார். அவள் வாயைத் திறப்பாள், பொய் சொல்ல வராது. திரும்பி வந்து குசினியில் உட்கார்ந்துவிடுவாள். செத்தவர்களின் பக்கத்தில் இருந்து பொய் சொல்லக்கூடாது என்பது ஒப்பாரிக்காரிகளின் கட்டுப்பாடு. அவளுக்குச் சேசுநாதர் செத்தவர்தான். அதனால் அவரைப் பற்றிப் பொய்யும் சொல்லமுடியவில்லை.

நானும் எனக்குத் தெரிந்த விதமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல, ஒரு ராசா மாறுவேடத்தில் குடிசைக்கு வந்து குடிமக்களோடு பட்டினி கிடந்தால் அவர் ராசா இல்லையா என்று கேட்டேன். “மாறுவேசம் போட்ட ராசாட பசி வேற புள்ள. அவருக்கு அரமனையில சோறு இரிக்கி” என்றாள். என் கணவரைக் கேட்டாள், மருமகன், நீ எப்படி நம்புகிறாய் என்று. அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். சின்ன வயதில் சொல்லித் தந்தார்கள் மாமி, அதைத் திருப்பிச் சொல்லுகிறேன், யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை. பிறந்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டே ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கின்றன. அவற்றிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கோயிலை நிறைத்திருந்த எங்களில் எத்தனை பேர் அந்தக் கேள்விக்குத் தரையில் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்போம்? பிந்தி வந்தவள் என்பதால் அவளை மட்டும் நிறுத்திக் கேட்டார்கள்.

மாரி தொடங்கியது. அந்த வருடம் வாவி கரையேறி வந்து சேமக்காலை மதிலைத் தொட்டது. அம்மாவுக்கும் அதே நடுக்கக் காய்ச்சல். சுவாமியார் உள் ஊர்களுக்குப் போனவர், பாதை வெள்ளத்தில் மூடியதால் திரும்ப முடியவில்லை. உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, இனிச் சரிவராது ரீச்சர் என்றார். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரும் சில வார்த்தைகளும் போதும். ஆனால் வயது வந்தவர் என்றால் அவர் நம்புகிறேன் என்று சொல்லவேண்டும். மகள்தான் கேட்கவேண்டும், உங்களுக்காவது சொல்லுவா என்று சொல்லிவிட்டு அவர் வெளி விறாந்தையில் போய் நின்றுகொண்டார்.

பகல் நேரம்தான், ஆனால் மழை இருட்டு. செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்தேன். உடம்பு அனலாய்க் கொதித்தது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது.

“அவர் கடவுள் எண்டு சொல்லுங்கம்மா. ஒரு சொல்லுத்தான்.”

“சொன்னா அவன்ட்டப் போவனா?”

“ஓம்.”

“நீ நம்புறியா புள்ள?”

“நம்புறன்.”

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முயன்றாள். அது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது, நெற்றி சுருங்கியது. கடைசியில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“எனக்கு வருகுதில்லயே” என்றாள்.

பிறகு என் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். தாகமாக இருக்கிறது, தா என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டாள். முற்றம் முழுக்க வெள்ளம் நின்றது, தண்ணீருக்கா பஞ்சம். இன்னொரு செம்பு எடுத்துவர நான் எழுந்திருக்கவில்லை. அவளுடைய தலை என் மடியில் கிடந்தது. மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

சேமக்காலையில் அவளுக்கு இடம் இல்லை. கேட்டுப் பார்க்கவும் இல்லை, பதில் தெரியும். படுவான்கரையிலிருந்து எங்கள் குடியைச் சேர்ந்தவர்கள் தோணிகளில் வந்தார்கள். என்னோடு அதிகம் பேசாவிட்டாலும் அவளை மரியாதையாகத்தான் தூக்கினார்கள். கணவர் பெட்டி செய்து கொடுத்தார். வெள்ளைச் சேலையை அவளுக்கு நான் உடுத்திவிட்டேன். வாவி கடல் போல விரிந்து கிடந்தது. தோணியிலிருந்து திரும்பிப் பார்த்தால் சேமக்காலைச் சிலுவைகளின் தலைகள்தான் தெரிந்தன. அவளை அப்பாவின் பக்கத்தில் புதைத்தார்கள். உயிரோடு இருந்தபோது அவருடைய பக்கத்தில் இருக்க அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

சுவாமியார் வெள்ளம் வடிந்தபிறகு வந்தார். சேறு படிந்த அங்கியோடு எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். சொன்னதைச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். ஜெபம் செய்தாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்குப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தாயின் குரல் மகளுக்கு இருக்கும், நீங்கள்தான் ஒப்பாரி தொடங்கவேண்டும் ரீச்சர் என்றார்கள். கணவர் ஏணியில் ஏறி ஆணியைக் கழற்றினார். சொல்ல ஆள் இல்லாமலே மெல்ல இறக்கினார். ஆசந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டேன். வாயைத் திறந்தேன். இவருக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழும்புவோம் என்று இவருக்குத் தெரியும். அதற்குமேல் என்னால் அழ முடியவில்லை. வேறொருத்தி தொடங்கினாள், நான் இடம் விட்டு எழுந்தேன். அதன்பிறகு ஒரு வருடமும் நான் அங்கே உட்காரவில்லை.

இப்போது வருகிற இளம் சுவாமியார்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். ஞானஸ்நானம் இல்லாத நல்லவர்களையும் கடவுள் கைவிடமாட்டாராம், அம்மா நிச்சயம் அவரோடுதான் இருப்பாவாம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். இதை அப்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சிரித்துச் சமாளித்தார்கள். அன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னது பிழை என்றால், இன்று உறுதியாகச் சொல்வதை எதை வைத்து நம்புவது? இந்த ஆறுதல் எனக்குப் பிந்தி வந்தது, மனதில் ஒட்டவில்லை.

நான் செத்தால் தம்பியின் பக்கத்தில் வைப்பார்கள். இடம் சொல்லி வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மெய்யான கடவுள் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொல்கிறேன். ஒப்புக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறேன். நம்பாதவளாக இருந்தால், செத்தவர்கள் எல்லோரும் மண்ணாய்ப் போனார்கள் என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். நம்புகிறபடியால் எனக்கு அந்த வழியும் இல்லை. ஒருநாள் நான் தம்பி இருக்கிற இடத்துக்குப் போவேன். அவன் என்னைக் கண்டதும் முதலில், அம்மா எங்கே அக்கா என்றுதான் கேட்பான்.